ஸ்வெட்டர் போட்ட நாற்காலி

கிள்ளானில் எங்கள் அப்பா வீட்டு முன்னறைக் கதவுக்குப் பின்னால், ஓர் ஆணியில், கத்திரிப்பூ நிற ஸ்வெட்டர் ஒன்று தொங்குகிறது. பெண்கள் போடுவது. முத்து மாதிரி வெள்ளைப் பொத்தான்கள். அதில் மேலிருந்து இரண்டாவது மட்டும் வேறு ஏதோ சட்டையிலிருந்து பிய்த்துத் தைத்தது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலே முதுகு நனைகிற ஊர் இது. இந்த ஊரில், எழுபதைத் தாண்டிய ஓர் ஆண்பிள்ளை வீட்டில் இது எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் பார்ப்பார்கள். யாராவது வாய்விட்டுக் கேட்டால் அப்பா "ஏர்கோன் ஸ்வெட்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, டீ குடிக்கிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அது என் அத்தையுடையது. அப்பாவின் ஒரே அக்கா. ரயில்வேயில் வேலை பார்த்த மாமா காலமான பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. தனியாக இருந்தார் என்றதும் யாரும் பாவப்பட வேண்டாம். மீன்காரர், பூக்காரர், கீழ்த்தளத்துக் காவலாளி என்று அந்தத் தெருவில் அவரிடம் அதட்டு வாங்காத ஆள் கிடையாது. பேங்க், கிளினிக், கொமுட்டர் ரயில், எங்கே போனாலும் கைப்பையில் அந்த ஸ்வெட்டர் இருக்கும். "வெள்ளைக்காரன் போறப்ப குளிர மட்டும் ஏர்கோனுக்குள்ள அடைச்சு வச்சிட்டுப் போயிட்டான்" என்பார். அவருடைய தத்துவங்கள் எல்லாம் இந்த ரகம்தான். சொல்லிவிட்டு முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொள்வார். நாம்தான் சிரித்து மாட்டிக்கொள்வோம்.

இந்த அத்தையும் என் அப்பாவும் பல வருடங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. காரணம் என் கல்யாணம். நான் ஒன்றும் ஓடிப்போகவில்லை, அப்பா பார்த்த மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டேன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டதால் கல்யாணத்துக்கு அழைக்கிற வேலை முழுக்க அப்பா தலையில் விழுந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர் அவர். வெற்றிலை பாக்குத் தட்டோடு பண்டமாரானில் தொடங்கி ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். கூட வேலை பார்த்தவர்கள், அம்மா வழிச் சொந்தம், கோயில் கமிட்டிக்காரர்கள், என் பழைய டியூஷன் டீச்சர் வரைக்கும் நேரில் போய்த் தட்டு வைத்து அழைத்தார். அக்காவுக்கு மட்டும் போன் செய்தார். தேதி தெரியுமில்லையா, முதல் நாளே வந்துவிடு என்று சொல்லி வைத்துவிட்டார்.

அம்மா இருந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. அப்பாவைக் கேட்டால், "அவ நம்ம வீட்டு ஆளு. அவளுக்கு எதுக்குத் தட்டு? நான் என்ன அவள வெளியாளாவா நெனச்சேன்?" என்பார். அத்தையைக் கேட்டால், உன் அம்மா கழுத்துத் தாலிக்கு மூன்றாவது முடிச்சுப் போட்டவள் நான், முதல் தட்டு என் வாசலுக்கு வந்திருக்க வேண்டாமா, நம்ம வீட்டு ஆள் என்றால் அப்படித்தானே செய்ய வேண்டும் என்பார். நான் இரண்டு பக்கமும் கேட்டிருக்கிறேன். இரண்டும் சரி என்றுதான் எனக்குப் பட்டது. ஒருவர் தப்பு என்றால் காலில் விழவைத்தாவது முடித்துவிடலாம். இரண்டு பேரும் உரிமையினால் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது?

கல்யாணத்துக்கு அத்தை வந்தார். மாமாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேடையேறி என் நெற்றியில் திருநீறு பூசினார். அப்படியே பந்திப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போய்விட்டார். கை நனைக்காமல் போனார் என்றால் எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அன்றோடு முடிந்தது. மாமா இறந்தபோது அப்பாதான் முதல் ஆளாகப் போய் நின்றார், சவப்பெட்டியைத் தோள் மாற்றாமல் தூக்கினார். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. சாவுக்கு அழைப்பு கிடையாது, யாரும் கூப்பிடாமலே போகலாம். அதனால் அந்த வருடங்களில் எங்கள் குடும்பம் முழுதாகக் கூடியதெல்லாம் சாவு வீடுகளில்தான். நல்ல காரியத்துக்குத்தான் யாராவது யாரையாவது கூப்பிட வேண்டும்.

அப்படிக் கூடும்போது அவர்களுக்குள் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நான்தான் தபால்காரி. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அப்பா நிற்பார். அத்தை என்னிடம், "உங்கப்பன செருப்ப ஓரமா விடச் சொல்லு" என்பார். அப்பா என்னிடம், "விட்டாச்சுன்னு சொல்லு" என்பார். நான் சொல்வதற்குள் அவர் காதில் அது விழுந்திருக்கும், ஆனாலும் நான் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. என் மகள் பேசத் தொடங்கியதும் அந்த உத்தியோகத்தை அவளிடம் தள்ளிவிட்டேன். அவளுக்கு அது விளையாட்டு. இரண்டு பெரியவர்கள் தன்னை வைத்து ஏதோ டெலிபோன் விளையாடுகிறார்கள் என்றே நினைத்திருந்தாள்.

இதெல்லாம் இப்படியே ஓடியிருக்கும், அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு என்று டாக்டர் சொல்லாமல் இருந்திருந்தால். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். அப்பா பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு நாள் டீயை ஆற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "உள்ள போறதுக்கு முன்னால அவகிட்ட ஒரு வார்த்த பேசிடணும்" என்றார். சரிப்பா, இப்போதே கூட்டிப்போகிறேன் என்று கார் சாவியை எடுத்தேன். உடனே முகம் மாறிவிட்டது. நான் போய் அவள் வாசலில் நிற்கமாட்டேன், கை நனைக்காமல் போனவள் அவள்தானே என்றார். அத்தைக்குப் போன் போட்டு ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். "என்னைக் கூப்பிட்டானா?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "கூப்பிடாத வீட்டுக்கு எப்படிடி வர்றது?" என்று வைத்துவிட்டார். இப்படியும் இரண்டு ஜென்மங்கள்! அன்று நான் சமையலறையில் பாத்திரங்களிடம் என் கோபத்தைக் காட்டினேன்.

அந்த வாரத்தில்தான் எங்கள் வாட்சப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சங்கத்து மண்டபத்தில், ஞாயிறு மதியம், பனிமலை விலங்குகளைப் பற்றிய ஆவணப்படம். அனுமதி இலவசம். முன்பதிவு வேண்டாம். குடும்பத்தோடு வாருங்கள். வழக்கமாக இதையெல்லாம் படிக்காமலே தள்ளிவிடுகிறவள் நான். அன்று அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இங்கே யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தட்டு இல்லை, போன் இல்லை, முதல் யார் கடைசி யார் என்ற பேச்சு இல்லை. சாவு வீடு மாதிரியே யார் வேண்டுமானாலும் போகலாம், ஆனால் சாவு வீடு இல்லை.

அப்பாவிடம், பேத்திக்கு ஆசை, நீங்களும் வாங்க, வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றேன். பிரிக்ஃபீல்ட்ஸ் என்றதும் அவர் புருவம் ஒரு தடவை உயர்ந்து இறங்கியது. எழுந்து போய் முகச்சவரம் செய்துகொண்டார். அத்தையிடம், உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தானே, நானும் பாப்பாவும் வருகிறோம் என்றேன். யாரெல்லாம் வருகிறார்கள் என்று கேட்டார். ஊரே வருது அத்தை, இலவசம் ஆயிற்றே என்று சமாளித்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங் தேடியவர்களுக்கு என் பாடு தெரியும். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் எங்கோ விட்டுவிட்டு, அப்பாவை மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மண்டபம் நிறைந்துவிட்டது. சுவரோரம் நிற்கிறார்கள், பிள்ளைகள் தரையில் கறிபாப் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடு வரிசையில் அத்தையின் கொண்டை தெரிந்தது. அவர் பக்கத்தில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் குடை. ஒன்றில் கைப்பை. நடுவில் இருந்ததில் அந்தக் கத்திரிப்பூ ஸ்வெட்டர், மடித்து வைக்காமல், சாய்மானத்தில் மாட்டி, கைகள் இரண்டும் முன்னால் தொங்க, ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பதுபோல.

நான் சொன்னது நானும் பாப்பாவும் என்றுதான். அதற்கு இரண்டு நாற்காலி போதும். மூன்றாவது யாருக்கு? பின் வரிசையில் இருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்ததும், "அப்பாடா, வந்துட்டீங்களா! இந்த நாற்காலிக்கு இவங்க எத்தன பேரோட மல்லுக்கட்டுனாங்க தெரியுமா?" என்றார். ஏற்பாட்டாளர்களில் ஒரு பையன் வந்து, இடம் பிடித்து வைக்கக்கூடாது லா ஆன்டி, பலர் நிற்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். அத்தை அசையவில்லையாம். "ஆள் வருது தம்பி. பார்க்கிங் தேடிக்கிட்டு இருக்காங்க" என்று அவனையே தண்ணீர் பாட்டில் கொண்டுவர அனுப்பிவிட்டாராம். எங்களுக்கு இடம் பிடிப்பது புதிதில்லை. கோயில் திருவிழாவோ கல்யாண மண்டபமோ, கைக்குட்டை போட்டு ஒரு வரிசையையே வளைத்துவிடுகிற கூட்டம்தான் நாங்கள். ஆனால் கூப்பிடாத தம்பிக்கு, வருவானா என்றே தெரியாமல், அக்கா தன் ஸ்வெட்டரைப் போட்டு வைத்திருக்கிறார். அப்பா அதைப் பார்த்தார். வரிசை ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

அத்தை திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே என் மகளிடம், "தாத்தாவ உக்காரச் சொல்லு. மறைக்குதாம் பின்னாடி" என்றார். அப்பா ஸ்வெட்டரைப் பக்குவமாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை, என் மகள், அப்பா, நான். அப்படி அமைந்தது வரிசை.

விளக்கு அணைந்தது. திரை முழுக்கப் பனி. மண்டபத்து ஏர்கோன் குளிரும் அந்தக் குளிரும் ஒன்றாகிவிட்டது போலிருந்தது. அப்பா அப்போதே இளைத்திருந்தார், கைகளைக் கட்டிக்கொண்டு ஒடுங்கினார். அத்தையின் தபால் கிளம்பியது: மடியில் வைத்திருப்பதைப் போட்டுக்கொள்ளச் சொல்லு. அப்பாவின் பதில் போயிற்று: இது பொம்பளைச் சட்டை என்று சொல்லு. இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள், கேளு. என் மகள் மூச்சுவிடாமல் இரண்டு பக்கமும் சொன்னாள். அப்பா போட்டுக்கொண்டார். கை நீளம் பற்றாமல் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

படம் ஆங்கிலத்தில் ஓடியது, கீழே மலாய் எழுத்து. அத்தை கண்ணாடியை மறந்துவிட்டதால் என் மகள் மலாயைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். செங்குத்துப் பாறையில் மலை ஆடுகள் நின்றபோது, இதுகளுக்குத் தலை சுத்தாதா என்றார் அத்தை, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒரு தாய்ப் பனிச்சிறுத்தையும் இரண்டு குட்டிகளும் வந்தன. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டன, ஒன்றின் வாலை ஒன்று கடித்தது. பனி உருகி, மறுபடி பெய்து, குட்டிகள் வளர்ந்தன. ஒரு நாள் ஒன்று இந்தப் பக்க மலையில் ஏறியது, மற்றது அந்தப் பக்கம் இறங்கியது. கேமரா உயரே போக, இரண்டும் வெள்ளைக்குள் இரண்டு புள்ளிகளாகிவிட்டன.

"இனிமே இதுங்க ரெண்டும் பாத்துக்கவே பாத்துக்காதாம் பாட்டி" என்றாள் என் மகள்.

"ஏன், சண்டையா?"

"சண்டை இல்ல. அப்படித்தானாம்."

அப்பா தொண்டையைச் செருமினார். அவர் என் மகளிடம் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவளைத் தாண்டி, நேராக அந்தப் பக்கம் பார்த்து, "அதுங்களுக்குப் பேசத் தெரியாதுக்கா" என்றார்.

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நமக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்" என்றார்.

அவ்வளவுதான். கட்டிப் பிடித்து அழவில்லை, மன்னிப்பு கேட்கவில்லை. நான்தான் இருட்டில் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் இரண்டு பக்கமும் பார்த்து, தன் வேலை போய்விட்டது புரிந்ததுபோல், நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து படத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். படம் முடிந்து வெளியே வந்தபோது அப்பா ஸ்வெட்டரைக் கழற்றப் போனார். போட்டுக்கிட்டே போ, கார்லயும் ஏர்கோன்தானே என்றார் அத்தை. நான் அவர் கையைப் பிடித்து, அப்பா வருவார் என்று எப்படித் தெரியும் அத்தை என்று கேட்டேன். "நீதானே ஊரே வருதுன்னு சொன்ன? ஊர்ல உங்கப்பன் இல்லையா?" என்றார்.

ஆபரேஷன் அன்று எங்களுக்கு முன்னால் அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தார். யார் கூப்பிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா பிழைத்து எழுந்தார். என் தம்பிக்குக் கல்யாணம் கூடி வந்தபோது, பத்திரிகை அச்சகத்திலிருந்து வந்த அன்றே, வெற்றிலை பாக்குத் தட்டோடு பிரிக்ஃபீல்ட்ஸுக்குத்தான் முதலில் போனார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. தையல் போட்ட நெஞ்சோடு நின்று நின்று மாடியேறினார். கதவைத் திறந்த அத்தை தட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "எனக்கு எதுக்குடா தட்டு? நான் என்ன வெளியாளா?" என்றார். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அந்தக் கல்யாணத்தில் அத்தை முதல் பந்தியில் உட்கார்ந்தார், பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

போன வருடம் அத்தை போய்விட்டார். ஒரு மதியம் நாற்காலியில் கண்ணயர்ந்தவர் எழவில்லை. ஸ்வெட்டரை அப்பா பலமுறை திருப்பிக் கொடுக்கப் பார்த்தும் அத்தை வாங்கிக்கொண்டதில்லை, அதனால் அது கிள்ளானிலேயே நின்றுவிட்டது.

இந்த வருடம் கிள்ளானிலேயே ஒரு மண்டபத்தில் அதே மாதிரி ஓர் இலவசப் படம் போட்டார்கள். மறுபடியும் மலை, மறுபடியும் பனி. அறிவிப்பை இந்த முறை அப்பாதான் எனக்கு அனுப்பினார். கதவுக்குப் பின்னாலிருந்து ஸ்வெட்டரை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். மண்டபத்துக்குள் போனதும், தனக்குப் பக்கத்து நாற்காலியில் அதைச் சாய்மானத்தில் மாட்டினார், கைகள் முன்னால் தொங்க. கூட்டம் சேர்ந்தது. ஒருவர் வந்து, அங்கிள், இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். "ஆள் வருது தம்பி. பார்க்கிங் தேடிக்கிட்டு இருக்காங்க" என்றார் அப்பா. இப்போது வளர்ந்துவிட்ட என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள், அவர்களுக்கும் அதே பதில்தான்.

விளக்கு அணைந்த பிறகு, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் இளம்பெண் வரிசை வரிசையாகக் குனிந்து இடம் தேடி வந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு, "உக்காருங்கம்மா" என்றார்.

அதைத் தானே போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். என் பக்கம் சாய்ந்து, "உங்கத்தையா இருந்தா குடுத்திருக்கவே மாட்டா" என்றார். சிரிப்பாகத்தான் தொடங்கினார், கடைசி வார்த்தை வரும்போது குரல் உடைந்துவிட்டது. ஸ்வெட்டர் கை இப்போதும் அவர் மணிக்கட்டுக்கு எட்டவில்லை. தொட்டபோது அந்த இடம் சில்லென்று இருந்தது. படம் முடியும்வரை அந்த மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.